மாலையில் நாடகம், இரவில் நடனம்: ஒரே அரங்கை இரு வேலைக்கும் நடத்தும் முறை

ஏழு மணிக்குத் தொடங்கிய நாடகம் ஒன்பதேகாலுக்கு முடிகிறது, அதே கூடத்தில் பத்தரை மணிக்கு டிஜே இசையைத் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருப்பது 75 நிமிடம். பெரிய நிறுவனத்தின் பின்பலமோ நிலையான மானியமோ இல்லாமல் ஒரு சுயேச்சை அரங்கைத் தொடங்க முனைவோர் எந்த நாடகத்தைப் போடுவது, எந்தக் குழுவை அழைப்பது என்பதைப் பற்றியே மாதக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு தேவைதான் என்றாலும், பல ஆண்டுகள் இத்தகைய கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அரங்கு நிலைப்பதையும் மூடப்படுவதையும் முடிவு செய்வது அந்த 75 நிமிடமும், பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவரும், வாசற்கதவும்தான் என்று சொல்வேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 120 இருக்கைகள் கொண்ட கூடத்துக்கு வாடகை, மின்சாரம், காப்பீடு, ஊதியம் எல்லாம் சேர்ந்து மாதச் செலவு 1,200 நுழைவுச்சீட்டுகளின் விலைக்குச் சமம் என்று கொள்ளுங்கள். மாதத்தில் 12 நாடக இரவுகள் நடத்தி, ஒவ்வோர் இரவும் 60 சதவீத இருக்கைகள் நிறைந்தால் விற்பது 864 சீட்டு. பார்ப்பதற்கு இது முக்கால்வாசிச் செலவை ஈட்டிவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் வசூலில் 70 சதவீதம் நாடகக் குழுவுக்குப் போய்விட்டால் அரங்குக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 259 சீட்டுகளின் பணம் மட்டுமே. மீதமுள்ள 941 சீட்டுகளின் பணத்தை இரவு நிகழ்ச்சிகளும், பாரும், பகல் நேர வாடகையும் கொண்டுவர வேண்டும். நாடகத்தை நேசிக்கும் பலர் இந்தக் கடைசிக் கழித்தலைப் போடாமலேயே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறார்கள். நிரம்பி வழியும் இரவை வைத்து ஒருபோதும் திட்டமிட வேண்டாம். 60 சதவீதம்கூடத் தொடக்க ஆண்டில் நம்பிக்கை மிகுந்த கணிப்புதான்.

முன்பதிவில் வரும் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். நிகழ்ச்சி நடந்து முடியும்வரை அது உங்கள் பணமல்ல. ரத்தானால் பார்வையாளருக்கும், நடந்தால் பெரும்பகுதி குழுவுக்கும் சேரவேண்டியது. அடுத்த மாத முன்பதிவை எடுத்து இந்த மாத வாடகையைக் கட்டும் அரங்கு, ஒரே ஒரு நிகழ்ச்சி ரத்தானாலும் திணறிப்போகும். குழுக்களுடன் செய்யும் ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும்: நிச்சயத் தொகையா, வசூலில் பங்கா, இரண்டில் எது அதிகமோ அதுவா, ஒளி, ஒலிக் கலைஞர்களை யார் அழைத்துவருவது, ரத்தானால் யாருக்கு எவ்வளவு. பங்குத்தொகையை அன்றிரவே, சீட்டுக் கணக்கைக் காட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. சிறு குழுக்கள் ஓர் அரங்கைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது முதலில் சொல்வது மேடையின் அளவையல்ல, பணம் எப்போது கைக்கு வந்தது என்பதைத்தான்.

பார் வருமானம் வரத் தொடங்கியதும், எந்த நிகழ்ச்சிக்கு வருவோர் அதிகம் குடிப்பார்களோ அந்த நிகழ்ச்சியையே தேர்ந்தெடுக்கும் பழக்கம் மெல்ல ஒட்டிக்கொள்ளும். நிகழ்ச்சித் தேர்வுக் கூட்டத்தில் பார் கணக்கை எடுக்காமல், அதை வேறொரு நாளில், வேறொரு கூட்டத்தில் பேசுவது இதற்கு ஓரளவு மருந்தாகும். வாரம் ஒருமுறை சரக்கிருப்பை எண்ணிப் பார்ப்பதையும் தவறவிடக் கூடாது.

இனி அந்த 75 நிமிடத்துக்கு வருவோம். கடைசிக் கைத்தட்டல் ஓய்ந்ததும் பார்வையாளரை விரட்டக் கூடாது. அவர்கள் நடிகர்களுடன் பேச விரும்புவார்கள், அதற்கு முன்கூடத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் கூடம் தானாகவே காலியாகும். கூடத்தினுள் ஒருவர் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கும்போது, மேடை மேலாளர் தன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பூட்டுகிறார். விளக்குகளில் பாதியை இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவாகத் தொங்கவிட்டு, நாடகத்துக்கு உரியவற்றின் கோணத்தை வண்ண டேப்பால் குறித்து வைத்தால், மறுநாள் ஏணியில் ஏறி ஒரு மணி நேரம் வீணாக்க வேண்டியிராது. மிக்சரின் (ஒலிகளைக் கலந்து கட்டுப்படுத்தும் கருவியின்) அமைப்பை நாடகத்தின் பெயரில் சேமித்த பிறகே டிஜேவைத் தொடவிட வேண்டும். இந்த வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரையும் நிமிடத்தையும் குறித்துச் சுவரில் ஒட்டி, கடிகாரம் வைத்து இரண்டுமுறை ஒத்திகை பாருங்கள். நாடகத்துக்கு ஒத்திகை தேவை என்று ஒப்புக்கொள்பவர்கள் இந்த மாற்றத்துக்கு ஒத்திகை தேவை என்றால் ஏனோ சிரிக்கிறார்கள்.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடனக் கலைஞர்கள் வெறுங்காலோடு ஆடும் பாயை இரவு நிகழ்ச்சிக்கு முன் சுருட்டி எடுத்துவிட வேண்டும். கொட்டிய பானத்தின் சர்க்கரை காய்ந்தால் கால் ஒட்டும், வழுக்கவும் செய்யும். நாங்கள் பாயை எடுத்தோம், ஆனால் கண்ணாடிக் கோப்பைகளைக் கூடத்துக்குள் அனுமதித்தோம். ஒரு சனிக்கிழமை இரவுக்குப் பின் தரையை இருமுறை பெருக்கித் துடைத்துத்தான் பாயை விரித்தோம். அப்படியும் மறுநாள் ஒத்திகையில் ஒரு பெண்ணின் குதிகாலில் அரிசிமணியைவிடச் சிறிய கண்ணாடித் துணுக்கு ஏறிவிட்டது. பலகைகளின் இடுக்கில் கிடந்த துணுக்கு காலடி அதிர்வில் மேலே வந்து, பாயின் இணைப்பு வழியாக எட்டிப்பார்த்திருக்க வேண்டும். அன்றுமுதல் கூடத்துக்குள் கண்ணாடி வருவதில்லை. மறுபடி பயன்படுத்தக்கூடிய உறுதியான பிளாஸ்டிக் கோப்பைதான். பெருக்கியபின் விளக்குகளை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத துணுக்கு அப்போது மின்னும்.

அக்கம்பக்கத்தாரின் புகார்களில் பெரும்பாலானவை பாடலைப் பற்றியவை அல்ல, தாழ்ந்த அதிர்வெண்ணில் வரும் துடிப்பைப் பற்றியவை. குரலையும் உயர்ந்த ஒலிகளையும் சுவர் எளிதில் தடுத்துவிடும். பேஸ் ஒலியோ சுவரையும் தரையையுமே அதிரச் செய்து அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குப் போய்விடுகிறது. சுவரில் பஞ்சு அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது இத்துறையில் எல்லோரும் ஒருமுறையாவது நம்பி ஏமாறும் செய்தி. அது உள்ளே எதிரொலியைக் குறைக்கும், வெளியே செல்வதை அநேகமாகத் தடுக்காது. தடுப்பவை மூன்று: எடை மிகுந்த சுவர், இரு சுவர்களுக்கிடையே காற்றிடைவெளி, சிறு சந்தும் இல்லாத அடைப்பு. கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் சந்து இருந்தால் மற்ற செலவின் பெரும்பகுதி வீணாகும். வாசலில் இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு சிறு முன்னறை அமைப்பது நான் கண்டதிலேயே பயன் மிகுந்த செலவு. இரவில் அது ஒலியைத் தடுக்கும், மாலையில் தாமதமாக வருபவரோடு தெருவெளிச்சம் மேடைமேல் விழுவதையும் தடுக்கும்.

பேஸ் ஒலியை எழுப்பும் பெரிய ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, தடித்த ரப்பர் அட்டைமேல் நிறுத்துங்கள். ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் என்ற கருவியைப் பொருத்தி, அதன் சாவியை டிஜேயிடம் கொடுக்காதீர்கள். டெசிபல் மானியில் ஏ (A) அளவை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது, ஏனெனில் அது மனிதக் காதின் போக்கைப் பின்பற்றி 63 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 26 டெசிபல் குறைத்துக் காட்டும். பேஸுக்கு சி (C) அளவைப் பாருங்கள். எண்ணைவிட நம்பகமான சோதனை வேறொன்று உண்டு. தெரு அடங்கிய நேரத்தில் அண்டை வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் படுக்கையறைக்குள் போய் நின்று, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தாளம் பிடிபடுகிறதென்றால் அவர்களால் தூங்க முடியாது.

உள்ளே இருப்பவர்களின் காதும் உங்கள் பொறுப்பே. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் கேளிக்கை இடங்களுக்காக வெளியிட்ட வரையறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பணியிடங்களுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் பாதுகாப்பான அளவு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் ஒலியாற்றல் இரட்டிப்பாவதால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் காலவரம்பு 15 நிமிடம்தான். பார்வையாளர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறார், பாரில் நிற்கும் பணியாளர் வாரத்துக்கு நான்கு இரவு நிற்கிறார். அவருக்குக் காதடைப்பானும் முறை மாற்றி ஓய்வும் கட்டாயம்.

சுவரில் அட்டை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்ற அதே தவறான நம்பிக்கை உயிரையும் பறித்திருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், அக்கம்பக்கத்தாரின் புகாருக்குப் பின் சத்தத்தைக் குறைக்க மேடையருகே பாலியூரித்தேன் நுரை அட்டையை ஒட்டியிருந்தார்கள். 2003 பிப்ரவரியில் மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி அதில் பற்றி 100 பேர் இறந்தனர். பலர் தாங்கள் நுழைந்த முன்வாசலையே நோக்கி ஓடி அங்கே சிக்கிக்கொண்டார்கள். 1942-இல் பாஸ்டனின் கோகோநட் குரோவ் விடுதியில் 492 பேர் இறந்தபோது, முன்வாசலின் சுழல்கதவு நெரிசலில் அடைத்துக்கொண்டது; பிற கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உட்புறமாகத் திறப்பவை. 2016-இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் கலைஞர்கள் வாழ்ந்த கோஸ்ட் ஷிப் என்ற கிடங்கில் நடந்த இசை இரவில் 36 பேர் மாண்டார்கள். அது நம்மைப் போன்றவர்களே, பணமில்லாமல், உரிமம் வாங்காமல் நடத்திய இடம் என்பதால் எனக்கு அது மற்ற இரண்டையும்விட நெருக்கமாக உறுத்துகிறது.

ஆகவே கூடத்தின் கொள்ளளவைத் தரைப்பரப்பு மட்டுமே முடிவு செய்வதில்லை. வெளியேறும் வழிகளின் அகலமும் எண்ணிக்கையும் முடிவு செய்கின்றன. நாற்காலி போட்டால் 120, நின்றால் எத்தனை என்பதைத் தீயணைப்புத் துறையிடம் எழுத்தில் பெற்று, வாசலில் கையெண்ணிக் கருவியோடு ஒருவரை நிறுத்துங்கள். எல்லா அவசரக் கதவுகளும் வெளிப்புறமாக, சாவியின்றி, ஒரே தள்ளலில் திறக்க வேண்டும். இருக்கை நிலைக்கும் நின்றாடும் நிலைக்கும் வழிகள் மாறும் என்பதால் 75 நிமிடப் பட்டியலின் கடைசி வரி எப்போதும் ஒன்றே: ஒவ்வோர் அவசரக் கதவையும் ஒருவர் கையால் தள்ளித் திறந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அடுக்கிய நாற்காலிகளை வைக்க மிக வசதியாகத் தோன்றும் இடம் பெரும்பாலும் அவசர வழியாகவே இருக்கும்.

வாசலில் நிற்பவர்தான் பலருக்கு அரங்கின் முகம். உடற்கட்டைப் பார்த்து ஆள் எடுக்காமல், பேச்சுத் தணிவைப் பார்த்து எடுங்கள். 2016-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஒரு முறையில், தொல்லைக்குள்ளானவர் பாரில் வந்து 'ஏஞ்சலா இருக்கிறாரா' என்று கேட்டால் போதும், பணியாளர் அவரைப் பத்திரமாக வெளியே அனுப்பிவைப்பார். பெயர் எதுவாகவும் இருக்கலாம். அன்று பணிக்கு வந்த புதிய ஆள் உட்பட எல்லோருக்கும் அது தெரிந்திருப்பதே முக்கியம். கடைசி அரைமணியில் இசையின் வேகத்தைக் குறைத்து, விளக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீர் கொடுத்தால் கூட்டம் தெருவில் நின்று கத்தாமல் கலையும்.

சமூகத்துக்கான அரங்கு என்று பலகை மாட்டுவது எளிது. உங்கள் வாசல்படியை ஒருநாளும் மிதிக்காத, ஆனால் உங்கள் சுவருக்கு அப்பால் தூங்க முயலும் குடும்பமும் அந்தச் சமூகத்தில் அடங்கும். அன்றிரவு பொறுப்பிலிருப்பவரின் கைபேசி எண்ணை அவர்களுக்குக் கொடுத்து, அழைப்பு வந்தால் எடுங்கள். நள்ளிரவில் எடுக்கப்படும் ஓர் அழைப்பு, அதிகாரிக்குப் போகவிருந்த ஒரு புகாரைக் குறைக்கும். பகலில் கூடம் சும்மா கிடக்கும் நேரத்தைப் புதிய குழுக்களின் ஒத்திகைக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், முதியோர் வாசிப்பு வட்டத்துக்கும் குறைந்த வாடகையில் கொடுங்கள். வாரத்தில் ஒரு காட்சிக்கு 'இயன்றதைக் கொடுங்கள்' என்று சீட்டு விற்கலாம், ஆனால் கொடுத்தவர் முகத்தைப் பார்த்து வாங்கும்படி வைக்காமல் இணையத்திலோ பெட்டியிலோ வாங்குங்கள். சக்கர நாற்காலி நுழைய முடியாத கூடத்தில் மற்ற எல்லாச் சலுகைகளும் சிலருக்கு அர்த்தமற்றவை. சாய்தளமும் கழிப்பறையும் புதிய ஸ்பீக்கருக்கு முன் வாங்க வேண்டியவை.

உங்கள் அரங்கு இருப்பதால் தெரு உயிர்பெற, அதனால் வாடகை ஏற, கடைசியில் நீங்களே வெளியேறும் நிலை வரலாம். எனவே நீண்ட குத்தகையும், ஆண்டு உயர்வுக்கு எழுத்தில் உச்சவரம்பும் கேளுங்கள். ஏற்கெனவே அரங்கு இருக்கும் இடத்தின் அருகே புதிதாகக் குடியிருப்பு கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இலும், இங்கிலாந்து 2018-இலும் தம் திட்டமிடல் விதிகளில் சேர்த்தன. உங்கள் பகுதியில் அது இல்லையென்றால் மற்ற அரங்குகளோடு சேர்ந்து கேட்கலாம். இங்கிலாந்தில் சிறு இசைக்கூடங்களைக் காக்கும் அறக்கட்டளையான மியூசிக் வென்யூ டிரஸ்ட் தொடங்கிய திட்டம், ரசிகர்களிடம் சிறு பங்குகள் விற்றுத் திரட்டிய பணத்தில் 2023-இல் ஆதர்டனிலுள்ள ஸ்னக் என்ற சிறு இசைக்கூடத்தின் கட்டடத்தை வாங்கியது. கட்டடம் பார்வையாளர் கைக்கு வரும் வழிகளில் நான் அறிந்தவற்றுள் இது உறுதியானது.

மூடும் நேரத்துப் பணத்தை இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு பொறுப்பாளர் நாளேட்டைத் திறந்து உச்ச நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், லிமிட்டர் எத்தனைமுறை இயங்கியது, யார் அழைத்துப் புகார் சொன்னார்கள், எந்தக் கதவின் கீல் முரண்டு செய்தது என்பதையெல்லாம் எழுதுகிறார். நடுமேடையில் ஒற்றை விளக்கை எரியவிட்டுப் பூட்டிச் சென்றால், காலையில் முதலில் வரும் மேடை மேலாளர் இருட்டில் தடுமாறாமல் உள்ளே வந்து, அந்த வெளிச்சத்திலேயே ஏட்டைப் படித்துவிட்டுக் கீலுக்கு எண்ணெய் போடத் தொடங்கலாம்.