நடந்தா சாக்ஸ் அரிக்குதா? வேளாங்கண்ணிக்கு நடந்தவன் சொல்றேன்

நம்ம டெல்டாவுல மலையா இருக்கு ஏறி இறங்க, சமதரைதானே, சாக்ஸுக்கெல்லாம் என்ன யோசனைன்னு நெனச்சுதான் நானும் மொத தடவ தஞ்சாவூர்லேர்ந்து வேளாங்கண்ணிக்கு கெளம்புனேன். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அம்மாப்பேட்டை தாண்டறப்பவே குதிகால் எரிய ஆரம்பிச்சுது, நீடாமங்கலத்துல ஷூவ கழட்டிப் பாத்தா சாக்ஸோட எலாஸ்டிக் பட்டை அழுத்துன எடமெல்லாம் செவசெவன்னு இருக்கு, சுண்டுவிரல்ல கொப்புளம். நான் ஷூவத் திட்டிட்டு இருந்தேன், கூட வந்த அண்ணன் ஒண்ணுமே பேசாம என் சாக்ஸ முறுக்கிப் பிழிஞ்சு காட்டுனாரு. தண்ணி சொட்டுது.

அதான் விஷயமே. ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 திருவிழா, அந்த சமயத்துல இந்தப் பக்கம் புழுக்கம் எப்படின்னு சொல்லவே வேணாம், வேர்வை காயவே காயாது. ஈரத்துல ஊறுன தோல் மெத்துனு ஆயிடும், துணி உரசுனா சீக்கிரமே வழண்டுடும். காட்டன்தான் ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க, சட்டைக்கு சரி, ஆனா முழு காட்டன் சாக்ஸ் வேர்வைய குடிச்சிட்டு அப்படியே வெச்சிருக்கும். பாலியஸ்டரோ நைலானோ கலந்த மெல்லிசான ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் வாங்குங்க, கணுக்காலுக்கு மேல ஏறுற மாதிரி. உள்ள கைய விட்டு விரல் பக்கத்து தையல தடவிப் பாருங்க, மொத்தமா இருந்தா வேணாம். ஏற்கனவே வாங்கியாச்சுன்னா உள்பக்கத்த வெளிய திருப்பி மாட்டுங்க, பாக்க அசிங்கமா இருக்கும், ஷூவுக்குள்ள யார் பாக்கப் போறா.

புது சாக்ஸ அப்படியே போடாதீங்க, ரெண்டு தடவ தொவைங்க. சோப்புத் தூள் கம்மியா போட்டு நல்லா அலசணும், தூள் தங்குனா அதுவே அரிக்கும், வாசனைக்கு ஊத்துற கண்டிஷனரும் வேணாம், வேர்வைய இழுக்கற தன்மை போயிடும். நாகப்பட்டினம் பக்கம் உப்புத்தண்ணி போர்ல அலசுனா சாக்ஸ் காஞ்சதும் மொடமொடன்னு நிக்கும், கடைசி அலசலாவது நல்ல தண்ணில போடுங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி நகத்த வெட்டிட்டு குதிகால், விரல் ஓரத்துல வாசலின் லேசா தடவுங்க. பவுடர் போட்டா கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், அப்புறம் வேர்வையோட சேந்து களி மாதிரி திரண்டு அதுவே உரசும் (எங்க குரூப்புல இத ஒத்துக்காத ஆள் இன்னும் இருக்காங்க).

மூணு ஜோடி எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, மோர்ப் பந்தலோ புளியமர நெழலோ பாத்து உக்காந்து, கால துண்டால தொடச்சு பத்து நிமிஷம் காத்தாட விட்டுட்டு வேற ஜோடி மாத்துங்க. ஈர ஜோடிய பை பின்னாடி ஊக்கு குத்தித் தொங்க விட்டா நடக்க நடக்க காஞ்சுடும். வெயில் தாங்காம வாய்க்கா கரையில எறங்கி நடந்தா நாயுருவி வெத சாக்ஸ்ல ஒட்டிக்கும், குறுவை அறுப்பு நடந்துட்டு இருந்தா வைக்கோல் சுணை வேற, சாக்ஸ உள்வெளியா திருப்பி உதறாம மறுபடி மாட்டாதீங்க.

எல்லாத்துக்கும் சாக்ஸ குத்தம் சொல்லவும் முடியாது. நாள் பூரா சூட்டுல நடந்தா சாக்ஸ் மூடாத எடத்துல, கெண்டைக்கால் பக்கம், செவப்பா தட்டும், அது ரத்தக்குழாய் சமாச்சாரம், கால தூக்கி வெச்சு ஓய்வெடுத்தா பெரும்பாலும் பத்து நாளுக்குள்ள தானா மறையும். சரியா பட்டை அளவுக்கே ஒவ்வொரு தடவையும் அரிப்பு வந்தா எலாஸ்டிக் ரப்பரோ சாயமோ ஒத்துக்கலன்னு இருக்கலாம், வேற வகை மாத்திப் பாருங்க. விரல் இடுக்குல வெள்ளையா ஊறி உரிஞ்சு நாத்தம் அடிச்சா சேத்துப்புண், வயல்ல எறங்காதவங்களுக்கும் ஈர சாக்ஸால வரும், க்ளோட்ரிமசோல் க்ரீம் போடுங்க. கொப்புளத்த மட்டும் கிள்ளி உரிக்காதீங்க. சுகர் இருக்கறவங்க சின்ன புண்ணுன்னாலும் நடக்கறத நிறுத்திட்டு டாக்டர்ட்ட காட்டிடுங்க, மாதா கோச்சுக்க மாட்டாங்க.

பையில ஒரு ரப்பர் செருப்பும் வெச்சுக்கங்க. போய்ச் சேந்ததும் எல்லாரும் கடல்ல கால் நனைப்போம், அந்த மணலோட மறுபடி சாக்ஸ் மாட்டுனா பஸ் ஏறுறதுக்குள்ள தோல் போயிடும்.