பூல் மேசை பராமரிப்பு: சிங்கப்பூரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒரு பூல் மேசை சீக்கிரம் பழசாகிவிட்டால் பழி முழுக்க ஆடியவர்கள் மேல்தான் விழும். குச்சியால் துணியைக் கிழித்துவிட்டார்கள், பந்தைத் துள்ள விட்டார்கள் என்போம். காண்டோ எனும் தனியார் அடுக்குமாடிகளின் விளையாட்டு அறைகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் நான் பார்த்தவரை, குச்சி பட்டுத் துணி கிழிவது அபூர்வம். யாரும் ஆடாத நேரத்தில்தான் மேசை அதிகம் கெடுகிறது. அதிலும் நிறைய, அதைப் பாதுகாப்பதாக நினைத்து நாம் செய்யும் வேலைகளால் வருகிறது.

முதலில் அந்த வினைல் உறை. ஆட்டம் முடிந்ததும் உறையை இழுத்து மூடிவிட்டு, குளிர்சாதனத்தை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். நம் ஊரில் விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். நல்ல மேசைத் துணி பெரும்பாலும் கம்பளி நூலில் நெய்தது, கொஞ்சம் நைலான் கலந்திருக்கும். கம்பளி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். உறைக்குள் மாட்டிக்கொண்ட ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. துணி தளரும், பந்து மெதுவாக உருளும், சில மாதங்களில் பூஞ்சணம் பிடித்த வாடையும் வரும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றும் கருவி வைப்பதே துணியில் ஈரம் தங்காமல் இருக்கத்தான்.

தூசிக்கு ஒரு பழைய பருத்தி விரிப்பு போதும். வினைல் உறைதான் வேண்டும் என்றால், அறை நன்றாக உலர்ந்திருக்கும்போது போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுங்கள். வார இறுதியில் மட்டும் குளிர்சாதனத்தை 18 டிகிரிக்கு வைத்து அறையை உறைய வைப்பதைவிட, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றைத் தினமும் ஓட விடுவது மேல். ஈரப்பதம் 50-லிருந்து 60 விழுக்காட்டுக்குள் நின்றால் துணிக்கும் நல்லது, மரச்சட்டத்துக்கும் நல்லது. குளிர்சாதனத்துக்கு நேர் கீழே மேசையைப் போட வேண்டாம். என்றாவது ஒருநாள் அது ஒழுகும்.

இதை ஒட்டி இன்னொன்று. துணிக்கு அடியில் ஸ்லேட் கல் இருக்கிற மேசையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். விலை குறைந்த மேசைகளில் கல்லுக்குப் பதிலாக மரத்தூள் பலகை இருக்கும். நம் ஈரத்தில் அது உப்பி, நடுவில் வளைந்துவிடும். வளைந்த பலகையை நிமிர்த்த வழி கிடையாது. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பவுடர். கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்குப் பலகையில் பவுடர் தூவினால்தான் காய் ஓடும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கை வழுக்கட்டும் என்று முகப்பவுடரைக் கொட்டிக்கொள்கிறார்கள். கேரம் பலகை வழுவழுப்பான மரம், துடைத்தால் போய்விடும். இது நெய்த துணி. பவுடர் இழைகளுக்குள் இறங்கி, கல் வரைக்கும் போய்த் தங்கும். வியர்வைக் கைக்கு மூன்று விரல் கையுறை இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

குச்சி முனையில் தேய்க்கும் சாக்கையும் வெறும் சுண்ணாம்பு என்று நினைக்காதீர்கள். அதில் சிலிக்காவும் உப்புத்தாளில் இருப்பது போன்ற அலுமினியம் ஆக்சைடும் உண்டு. முனை வழுக்காமல் பந்தைப் பிடிப்பதற்காகவே அவை சேர்க்கப்படுகின்றன. அதே பொடி துணியில் படிந்து, மேலே பந்து உருண்டுகொண்டே இருந்தால், ஒவ்வோர் ஆட்டமும் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. மேசைக்கு மேலே குச்சியை நீட்டிச் சாக் தேய்க்காமல், ஓரமாக நகர்ந்து நின்று தேய்ப்பது ஒரு சின்னப் பழக்கம்தான். துணியின் ஆயுளை நிறைய நீட்டும். சாக் கட்டியைக் குஷன் (மேசையின் ஓரத்து ரப்பர் சுவர்) விளிம்பில் வைக்கும்போது தேய்க்கும் பக்கம் மேலே இருக்கட்டும்.

சரி, படிந்த பொடியை எப்படி எடுப்பது? ஈரத்துணியால் துடைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஈரம் பட்டதும் பொடி சேறாகி உள்ளே இறங்கிவிடும். மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளி, குஷன் அடியில் சேர்வதை வேக்குவம் வைத்து எடுங்கள். சுழலும் பிரஷ் இணைப்பு வேண்டாம். உறிஞ்சும் வேகமும் துணியைக் கல்லிலிருந்து தூக்கும் அளவுக்கு இருக்கக்கூடாது. ஸ்னூக்கர் துணிக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டுச் சிலர் பூல் துணியிலும் போடுகிறார்கள். ஸ்னூக்கர் துணியில் மேலெழும் முடி படியவே இஸ்திரி. முடியில்லாத பூல் துணிக்கு அது தேவையே இல்லை.

மேசையைத் துடைத்துவிட்டுப் பந்துகளை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அழுக்குப் பந்து சாக்கையும் கை எண்ணெயையும் மறுபடி துணியில் தேய்க்கும். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு கலந்து கழுவி, முழுக்க உலர்த்தி வையுங்கள்.

நம் வீடுகளில் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் விருந்து. தீபாவளிக்கு ஆள் கூடினால், இடம் போதாமல் பூல் மேசை மேல் ஒரு பலகையைப் போட்டு பிரியாணிச் சட்டியையும் குழம்பையும் வரிசையாக வைத்துவிடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். சூடு ஒருபக்கம் இருக்கட்டும், மஞ்சள்தான் எனக்குப் பெரிய கவலை. கம்பளியில் ஏறிய மஞ்சள் லேசில் போகாது. சோப்பு போட்டால் அது சிவப்பாக மாறும், நம் அடுக்களையில் பார்த்திருப்போம். பிளீச் ஊற்றினால் கம்பளி இழையே கரைந்துவிடும். கோப்பியோ தேயோ சிந்திவிட்டால் தேய்க்காமல், வெள்ளைத் துண்டால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு லேசாக நனைத்துப் பிழிந்த துண்டால் ஒற்றி, மின்விசிறியில் உலர விடுங்கள். சர்க்கரை தங்கினால் எறும்பும் வரும்.

விளிம்பில் உட்காருவதும் சாய்வதும் குழந்தையை ஏற்றி வைப்பதும் எங்கும் நடக்கிறது. அந்த எடை குஷனைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தும். அதன் பிறகு பந்து குஷனில் பட்டுத் திரும்பும்போது 'டொக்' என்று செத்த சத்தம் வரும். போல்ட்டை இறுக்கினால் அது பெரும்பாலும் சரியாகும். வெயிலில் காய்ந்து இறுகிய குஷன் ரப்பரை மட்டும் மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். நல்ல குஷன்கள் இயற்கை ரப்பரில் செய்தவை. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவி எடுத்தார்களே, அதே ரப்பர். நேர் வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. மேற்குப் பார்த்த சன்னல் என்றால் திரை கட்டாயம்.

ஆட்டத்தின் முதல் அடியான பிரேக் அடிக்கும்போது எப்போதும் ஒரே புள்ளியில் வெள்ளைப் பந்தை வைத்தால், உராய்வுச் சூட்டில் அங்கே வெண்தழும்பு விழும். இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள், அல்லது அடியில் ஒரு சிறு துண்டுத் துணி போடுங்கள்.

கடைசியாக வீடு மாற்றுவது. 9 அடி மேசை மொத்தம் 350 கிலோவுக்கு மேல் போகலாம். அதன் கல் பொதுவாக மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 80, 90 கிலோ. நாலு பேர் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும் என்று லோரிக்காரரை நம்பி இழுத்தால் கால் உடையும், கல் இணைப்பு விலகும், சில நேரம் கல்லே விரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் தரை தாங்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மேசையைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவரை அழையுங்கள். பூட்டும்போது இணைப்பை மெழுகால் நிரப்புவாரா, மட்டம் பார்க்க என்ன கருவி கொண்டுவருவார் என்று கேளுங்கள். தச்சர் மட்டக்கோல் மட்டும் போதாது. கல்லை மட்டம் பார்த்து முடித்ததும், துணி ஒட்டுவதற்குள் ஒரு பந்தை மெதுவாக, இணைப்புகளைக் கடந்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் உருட்டிப் பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்து ஓடினால் அப்போதே மறுபடி மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். துணி இறுக்கி ஒட்டிய பிறகு திறப்பது இரட்டைச் செலவு.