இல்லாத விரல் அரிக்கும்போது: ‘நான்’ யார் என்று திண்ணையில் உட்கார்ந்து சோதிக்கும் வழி

எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கரும்பு ஆலையில், உருளைக்குள் கரும்பைக் கொடுக்கும்போது போனது. நான் பிறப்பதற்கு முந்தைய கதை அது. ஆனால் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, விரல் இருந்த வெற்று இடத்தை அவர் இடது கையால் சொறிவதை நான் பார்த்திருக்கிறேன். நகம் காற்றில்தான் போய் வரும். “இல்லாத வெரலு அரிக்குது கண்ணு” என்பார்.

நான் என்பது உடம்பா, மனசா, வேறு ஏதாவதா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் திண்ணையில்தான். இதைப் பற்றிப் படிக்க எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் புத்தகத்தைக் கொடுப்பதில்லை. உங்கள் உடம்பே கையில் இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள்.

முதலில் ஒரு நாள் முழுக்க உங்கள் பேச்சைக் கவனியுங்கள். ‘நான்’, ‘என்’ என்று வரும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். “எனக்கு உடம்பு சரியில்லைங்க” என்கிறோம். அப்போது உடம்பு வேறு, நாம் வேறு. “வரப்பில் வழுக்கி விழுந்தேன்” என்கிறோம். ‘என் உடம்பு விழுந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. சாவு வீட்டிலோ, நேற்று வரை மாமாவாக இருந்தவரை “எப்பங்க எடுக்கறாங்க?” என்று கேட்கிறோம்.

தாள் நிறைந்ததும் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரிடம் போங்கள். 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம். மூன்றாவதில் உயிர் உண்டு என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்று, ‘எனது உடல் என்றலின்’. என் உடல் என்று சொல்கிறாய், அப்படியானால் அதை உடையவன் ஒருவன் தனியாக இருக்க வேண்டும் என்பது வாதம். நாம் தினமும் பேசும் பேச்சிலிருந்தே ஆதாரம் எடுக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். ஆனால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ‘என் உயிர்’ என்றும்தான் சொல்கிறோம். அந்த உயிரையும் உடைய இன்னொருவர் உள்ளே இருக்கிறாரா? இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் இருங்கள், அவசரமில்லை.

அடுத்தது விரல் சோதனை. நடுவிரலை ஆள்காட்டி விரல் மேல் பின்னிக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, பின்னிய இரண்டு நுனிகளுக்கும் நடுவில் ஒரு கொண்டைக்கடலையை வைத்து உருட்டுங்கள். இரண்டு கடலை இருப்பதுபோல் தெரியும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே குறித்து வைத்த விஷயம் இது. கண்ணைத் திறந்து ஒன்றுதான் என்று பார்த்த பிறகும் விரல் இரண்டு என்றே சொல்லும். அறிவுக்குத் தெரிந்தது விரலுக்குப் போய்ச் சேரவில்லை. ‘நான் அறிகிறேன்’ என்னும்போது அந்த நான் எந்தப் பக்கம்?

இப்போது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த்தைப் படிக்கலாம். 1641இல் வெளிவந்த ‘தியானங்கள்’ என்ற நூலில் அவர் மனசையும் உடம்பையும் இரண்டு தனிப் பொருள் என்கிறார்: மனசு சிந்திக்கும், இடம் பிடிக்காது, உடம்பு இடம் பிடிக்கும், சிந்திக்காது. அதைவிட 1644இல் அவர் எழுதிய ஒரு சம்பவம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கை அழுகிப்போன ஒரு பெண்ணுக்கு முழங்கை வரை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்டிருந்ததால் அவளுக்கு அது தெரியாது. இல்லாத விரல்களில் ஒவ்வொன்றாக நோவுது என்று அழுதிருக்கிறாள். வலி விரலில் இல்லை, மூளை வழியாக மனசு உணர்வது என்று தெக்கார்த் முடிவு கட்டினார். படித்தபோது அப்புச்சி முகம்தான் முன்னால் வந்தது.

தெக்கார்த்தோடு சேர்த்தே பொஹீமிய இளவரசி எலிசபெத்தின் கடிதத்தையும் படித்துவிடுங்கள். 1643 மே மாதம் எழுதியது. இடமே பிடிக்காத மனசு, இடம் பிடிக்கும் உடம்பை எப்படித் தள்ளி அசைக்கிறது என்று கேட்டார். தெக்கார்த் பல கடிதம் எழுதியும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்பதே என் எண்ணம்.

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூமுக்கு ஐந்து நிமிடம் போதும். கண்ணை மூடி உள்ளே ‘நான்’ என்ற ஒன்றைத் தேடுங்கள். உட்கார்ந்த கால் மரத்துப்போனது, மஞ்சள் வேகவைக்கும் வாசம், நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா என்ற நினைப்பு, இவைதான் அகப்படும். தேடுகிறவர் அகப்பட மாட்டார். ஹியூம் 1739இல் எழுதியதும் இதுதான்: உணர்வுகளின் கட்டு, அவ்வளவே. அவருக்கு வெகு காலம் முன்பே பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த அரசனிடம், சக்கரம், அச்சு, நுகத்தடி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இதில் தேர் எது என்று கேட்டிருக்கிறார்.

அப்புறம் வலது கையால் இடது கையைத் தொடுங்கள். எது தொடுகிறது, எது தொடப்படுகிறது? கவனத்தை மாற்றினால் இரண்டும் இடம் மாறும். இந்த இடத்தில் நின்று யோசித்தவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ போந்தி. 1945இல் அவர் இல்லாத உறுப்பின் உணர்வைப் பற்றியும் விரிவாக எழுதினார். நரம்பு மட்டும் என்றாலும் போதாது, ஞாபகம் மட்டும் என்றாலும் போதாது. பழகிய உலகத்தை நோக்கி உடம்பு இன்னும் கை நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அப்புச்சி டம்ளரை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எத்தனையோ வருடம் ஆகியும், முதலில் இல்லாத விரல்களால்தான் பிடிக்கப் போவார். டம்ளர் லேசாகச் சரியும். பிறகு கட்டைவிரலும் மோதிரவிரலும் வந்து சேரும்.

கடைசிச் சோதனைக்கு இன்னொரு ஆள் வேண்டும். 1998இல் போட்வினிக், கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது இது. ஒரு ரப்பர் கையுறைக்குள் பஞ்சு அடைத்து முன்னால் வையுங்கள். உங்கள் கையைப் பக்கத்தில் ஒரு பலகைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கையுறையையே பாருங்கள். எதிரே இருப்பவர் இரண்டு சின்னத் தூரிகையால் இரண்டிலும் ஒரே விரலை, ஒரே நேரத்தில் தடவ வேண்டும். நேரம் பிசகினால் பலிக்காது. எல்லோருக்கும் வராது, ஆனால் நிறையப் பேருக்கு ரப்பர் கையே தன் கை மாதிரி தோன்றிவிடும்.

போன தை மாதம் இதை அப்புச்சியிடம் செய்தேன். ஆறிய தழும்பு என்பதால்தான் துணிந்தேன். புதுக் காயம் உள்ளவர்களிடம் வேண்டாம். கையுறையின் ஆள்காட்டி விரலையும் அவருடைய மொட்டை முனையையும் ஒன்றாகத் தடவினேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “நுனியிலதான் தொடற கண்ணு” என்றார். நான் நிறுத்தியதும் கையுறையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னொருக்கா பண்ணு” என்றார்.