ஆறு மாத ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்: எலும்புப்புரைச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்தான் எலும்புப்புரை. அதற்குப் பால், கீரை, காலை வெயில் பற்றி எல்லோருக்கும் தெரியும். சிகிச்சை தொடங்கிய பிறகு புதிய நோயாளிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

டெனோசுமாப் ஊசியைப் பாதியில் விடுவது

60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தோலுக்கடியில் போடும் ஊசி இது. 2009இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் முதுகெலும்பு முறிவை மூன்று ஆண்டுகளில் 68 சதவீதம் குறைத்தது. நல்ல மருந்துதான், ஆனால் நினைத்தபோது நிறுத்தக் கூடாது.

எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் உருவாக ராங்க்-லைகண்ட் என்ற புரதம் வேண்டும். ஊசி அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுகிறது. ஆறு மாதம் தாண்டியதும் கட்டு அவிழ்கிறது. அடங்கிக் கிடந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பி, சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட வேகமாக எலும்பைக் கரைக்கின்றன. ஏறிய எலும்பு அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் இறங்கிவிடும்.

வழக்கமாக நடப்பது இதுதான்: எலும்பு அடர்த்தி ஸ்கேன் நன்றாக வந்ததும், "அதான் சரியாயிடுச்சே" என்று வீட்டில் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, வாளியைத் தூக்கக் குனிந்த அம்மாவுக்கு நடுமுதுகில் சுளீரென்று வலி. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் நசுங்கிக் கிடக்கின்றன. இதை முதல் ஊசியன்றே சொல்லி அனுப்பாததுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. முன்பே சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம்.

அடுத்த ஊசித் தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு ஊசிகளுக்கு இடையே ஏழு மாதம் தாண்டவே கூடாது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், கடைசி ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மாற்று மருந்து தொடங்க வேண்டும்: சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் டிரிப், அல்லது வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை. பல ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்கு ஒரு டிரிப் போதாமல் போகலாம், எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ். ரத்தப் பரிசோதனையில் அது தெரியும்.

சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு இந்த ஊசியால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென உச்ச எச்சரிக்கை சேர்த்தது. ஊசிக்கு முன் கால்சியம் பார்க்காமல் போடவே கூடாது.

இடம் மாற்றி மாற்றி ஸ்கேன்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை அதே மையத்தில், அதே மிஷினில் எடுங்கள். 2 சதவீத ஏற்ற இறக்கம் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். நசுங்கிய முள்ளெலும்பு அடர்த்தி கூடியதுபோலக் காட்டும். அதை விட்டுவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். முகாம்களில் குதிகாலில் பார்க்கும் அல்ட்ராசவுண்டு எண்ணை வைத்து, டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -2.5க்குக் கீழே என்று நோயை முடிவு செய்யக் கூடாது. அந்த எல்லை டெக்ஸாவுக்கானது.

மாத்திரையும் காபியும்

அலெண்ட்ரோனேட் வெறும் வயிற்றிலேயே நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சப்படாது. காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் வீண். ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருங்கள். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

வைட்டமின் டி 60,000 யூனிட்

வாரத்துக்கு ஒன்று. தினமும் அல்ல.