பழைய வீட்டு வயரிங்: கைவைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு பழைய வீட்டில் பல்பு ஹோல்டர் மாற்றப் போய் ஷாக் வாங்கியிருக்கிறேன். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினேன். பிறகுதான் தெரிந்தது, யாரோ என்றைக்கோ சுவிட்சை ஃபேஸ் வயரில் (கரண்ட் வரும் வயர்) கொடுக்காமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். அன்றிலிருந்து பழைய வயரிங்கில் சுவிட்சை நம்புவதில்லை, வயரின் நிறத்தை நம்புவதில்லை, மூன்று ஓட்டை பிளக் பாயிண்டையும் நம்புவதில்லை.

வயரை மாற்றுவது, போர்டைத் திறப்பது எதுவும் இந்தப் பதிவில் கிடையாது. அது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. அவர் வருவதற்கு முன்பு வீட்டுக்காரர் பத்திரமாகச் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

படி 1: திறக்காமல் பாருங்கள்

எல்லாச் சாதனங்களும் ஓடும் மாலை நேரத்தில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவிட்ச், பிளக் பாயிண்டுகளைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கிறதா? சரசரவென்று சத்தம் வருகிறதா? பிளாஸ்டிக் கருகும் வாடையோ, காரணமே இல்லாமல் மீன் வாடையோ அடிக்கிறதா? சூடேறிய பழைய பிளாஸ்டிக் சில சமயம் மீன் போலவே நாறும். ஈரமில்லாத பிளாஸ்டிக் மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தப் பாயிண்டைப் பயன்படுத்துவதை அதோடு நிறுத்திவிடுங்கள். உலோக மூடியைத் தொட வேண்டாம்.

குழாயைத் தொட்டாலோ, ஏதாவது சாதனத்தின் இரும்பு உடலைத் தொட்டாலோ லேசாகச் சுர்ரென்று இழுத்தால் மற்ற படிகளெல்லாம் அப்புறம். காய்ந்த கையோடு, காய்ந்த தரையில் நின்று மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தீப்பொறி பறந்தாலும் இதேதான். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

படி 2: எந்தக் காலத்து வயர்?

பரண், மெயின் போர்டுப் பக்கம், மரச்சட்டத்தின் மேல் ஓடும் இடம் என வயர் வெளியே தெரியும் இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். தொடாதீர்கள், அசைக்காதீர்கள்.

பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக இழுத்துக் கட்டிய வயர் என்றால் மிகப் பழசு. அந்த முறையில் எர்த் வயரே (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) கிடையாது. மேலே நூல் பின்னலும் உள்ளே ரப்பருமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் பிஸ்கெட் மாதிரி ஆகிவிடும். அசைக்காத வரை அப்படியே உட்கார்ந்திருக்கும், ஹோல்டரைக் கழற்ற ஒருமுறை வளைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். ஹோல்டர் மாற்றும் வேலையைக்கூட இப்போது நான் தொடாததற்கு ஷாக்கைவிட இதுதான் காரணம்.

வெள்ளி நிறமாக இருந்தால் அலுமினியம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ரப்பரில் உள்ள கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால், அந்தக் காலத்தில் செம்புக்கு மேல் வெள்ளீயம் பூசினார்கள். அதுவும் வெள்ளியாகத்தான் தெரியும். நிஜமாகவே அலுமினியம் என்றால் தொல்லை வேறு வகை. சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும், திருகுக்கு அடியில் மெல்ல மெல்லத் தளரும், மேலே ஆக்சைடு படியும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூட்டினால் இன்னும் தளரும். எது என்று கண்டுபிடிப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 3: எந்த ஃபியூஸில் எது ஓடுகிறது?

ஒரு டேபிள் விளக்கும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் போன்றவற்றை முறையாக அணைத்துவிடுங்கள். போர்டில் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் ஒவ்வொன்றாக அணைத்து, டேபிள் விளக்கைப் பாயிண்டுகளில் செருகிப் பார்த்து, எந்தெந்த விளக்கும் பாயிண்டும் நின்றன என்று எழுதுங்கள். பீங்கான் கட்டை ஃபியூஸ் உள்ள பழைய போர்டு என்றால் நீங்களே பிடுங்கிப் பார்க்க வேண்டாம். சில பழைய ஃபியூஸ்களுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருப்பார்கள், கட்டையே விரிசல் விட்டும் இருக்கலாம்.

இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்குமே தனித்தனி ஃபியூஸ் போட்டிருப்பார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் எல்லாம் நின்றுவிடும். "கரண்ட் இல்லை" என்று தைரியமாகக் கைவைப்போம். ஆனால் ஃபேஸில் கரண்ட் இருக்கும்.

சோதித்து முடித்ததும் பெரும்பாலும் தெரியவருவது, பாதி வீடு ஒரே ஃபியூஸில் தொங்குகிறது என்பதுதான்.

படி 4: லோடைக் குறையுங்கள்

இதை இன்றைக்கே செய்யலாம், செலவும் இல்லை. சாதனத்தின் வாட்டை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர் வரும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 120 வோல்ட் உள்ள நாட்டில் அதே வாட் 16.7 ஆம்பியர் ஆகிவிடும். வயரில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதனால் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்றவற்றை ஒரே சர்க்கியூட்டில் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். படி 3இல் எழுதிய நோட்டு இங்கேதான் உதவும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும், 16 ஆம்பியர் எம்.சி.பி. ட்ரிப் ஆகிறது என்று 32 போடுவதும் பழைய வீடுகளில் நான் அதிகம் பார்த்த தவறு. எம்.சி.பி. காப்பாற்றுவது முதலில் சுவருக்குள் இருக்கும் வயரை. பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16 என்று வைப்பார்கள். வயர் பழசாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டி வரலாம். கூட்டுவதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

படி 5: எர்த் உண்மையிலேயே இருக்கிறதா?

மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பின்னால் வயரே இல்லாமல் மூடியை மட்டும் மாற்றியிருப்பார்கள். சில வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கொடுத்திருப்பார்கள். பிறகு பிளம்பர் வந்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார். அன்றோடு எர்த் போச்சு, வீட்டில் யாருக்கும் தெரியாது.

எர்த்தைச் சரிசெய்யும்போதே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொல்லுங்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் நொடிக்குள் துண்டித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அது காப்பாற்றாது. ஓவர்லோடையும் அது பார்க்காது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

பழைய வீட்டில் போட்டதும் சும்மா சும்மா ட்ரிப் ஆகும். "இது சரியில்லை, எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலும் எங்கோ கசிவு இருக்கும், அதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது.

படி 6: எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது?

நோட்டைக் கையில் கொடுங்கள், பாதி நேரம் மிச்சம். இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெயினை அணைத்தாலும் அந்த வழியாகக் கரண்ட் வரும். நியான் டெஸ்டரை மட்டும் வைத்து "இருக்கு, இல்லை" என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. எரிய வேண்டிய இடத்தில் எரியாமலும், எரியக்கூடாத இடத்தில் மினுக்கியும் அது ஏமாற்றும்.

மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன், அதாவது வயரின் மேலுறை, நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண வீட்டு சர்க்கியூட்டுக்கு 500 வோல்ட் டிசியில் சோதிப்பார்கள், குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். அதற்கு முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டிவி போய்விடும். ஒவ்வொரு சுவிட்சும் ஃபேஸில்தான் இருக்கிறதா, எர்த் கடைசிப் பாயிண்ட் வரை போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முழு வீட்டையும் ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டால் குளியலறையும் சமையலறையும் முதலில். ஈரமும் அதிக லோடும் அங்கேதான். அதற்கான புது வயர் மெயின் போர்டிலிருந்தே தனியாக வரட்டும், நடுவில் பழைய வயரோடு முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். சுவரைப் பூசுவதற்கு முன் வயர் பைப் போகிற பாதையைப் போட்டோ எடுத்து அதே நோட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த வருடம் அந்தச் சுவரில் ஆணி அடிக்கப் போவது நீங்கள்தான்.