வேலையை விடாமல் நர்சிங் பட்டம்: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர்களுக்கு

நர்சிங் பட்டத்தை முழுக்க முழுக்க ஆன்லைனில் தர இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆன்லைனில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் நர்சிங்கையும் சேர்த்திருக்கின்றன. ஆகவே, "வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங், ஆறே மாதம்" என்று செல்போன் எண்ணோடு சுவரொட்டி கண்ணில் பட்டால் பார்க்காதது போல நடையைக் கட்டுங்கள். வளைகுடா வேலைக்குப் போகும்போது சான்றிதழை நீங்கள் நீட்டினால் மட்டும் போதாது. சரிபார்க்கும் நிறுவனம் நேரே பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, தொண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பதால் இது இங்கே பலருக்கும் தெரிந்த சங்கதிதான். இருந்தும் ஏமாறுகிறார்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதிலிருந்து. அங்கே ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம் பெற்று வேலை செய்பவர்கள், பி.எஸ்.என். என்ற நர்சிங் இளநிலைப் பட்டத்தின் பாடங்களை ஆன்லைனிலேயே முடிக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது என்கிளெக்ஸ் தேர்வு எழுதி அந்த நாட்டு உரிமம் வாங்கியவர்களுக்கான வழி. இங்கே மண்டபம் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் அதில் சேர முடியாது.

நமக்கு இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், அதாவது டிப்ளமோவுக்குப் பிறகு படிக்கும் பட்டம். நல்ல படிப்பு, ஆனால் தினமும் வகுப்பில் இருக்க வேண்டும், சம்பளத்தை மறந்துவிட வேண்டும். மற்றொன்று, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, வேலையில் இருக்கும் செவிலியர்களுக்காகவே நடத்தும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. குறைந்தது மூன்று ஆண்டுகள். பாடம் வீட்டில், செய்முறை மையத்தில். வீட்டில் உலை வைக்க என் சம்பளமும் தேவைப்பட்டதால் நான் இரண்டாவதில் சேர்ந்தேன்.

பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். படித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு. செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த தேதிக்குப் பிறகு பார்த்த வேலைதான் கணக்கில் வரும். ரிசல்ட் வந்த மறுநாளே நர்சிங் ஹோமில் சேர்ந்துவிட்டு, பதிவை ஆறப் போட்டவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, பதவி, முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், சான்று கொடுத்தால் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று இழுத்தடித்தார்கள். அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வு உண்டு. ஜி.என்.எம். புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினாலே பாதி வேலை முடிந்தது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டை வரிக்கு வரி படியுங்கள். நம் மாவட்டத்துக்கான மண்டல மையம் மதுரையில் இருக்கிறது. செய்முறை நடக்கும் படிப்பு மையம் என்பது வேறு; அது எந்த ஊர் என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். செய்முறை வகுப்புக்குக் கட்டாயம் போயாக வேண்டும். டியூட்டியை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் தோழிகள் இரண்டு பேராவது இல்லாமல் இந்தப் படிப்பில் இறங்காதீர்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு முகம் சுளிக்காமல் நைட் பார்த்துக் கொடுங்கள்.

இனி நம் கடற்கரைக்கே உரிய கணக்கு. ஆண்டுக்கு இரண்டு தேர்வு: ஜூன், டிசம்பர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் அந்த 61 நாளும் கை வறண்டிருக்கும். தேர்வுக் கட்டணமும் மதுரைச் செலவும் சரியாக அப்போதுதான் வந்து நிற்கும். சீட்டுப் போடுபவர்கள் மார்ச்சில் எடுப்பது போலப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் புயல். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் அன்றைய ரயிலை நம்ப வேண்டாம். ராமேஸ்வரம் தீவுக்காரர்கள் முதல் நாளே மதுரைக்குப் போய்த் தங்கிவிடுவது நல்லது.

நைட் டியூட்டியில் படிக்கலாமே என்பார்கள். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரிப் தீர்வதைக் கவனிக்காமல் புத்தகத்தில் கண் வைத்திருப்பவர் பட்டம் வாங்கி யாருக்கு என்ன பயன்? மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ் எனக்குப் போதுமானதாக இருந்தது. உட்கார இடம் கிடைத்தால் உச்சிப்புளிக்குள் ஒரு தலைப்பு முடியும். பாடப் புத்தகங்கள் பல இக்னோவின் ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்காக எழுதித் தர வேண்டிய ஒப்படைப்புகளைப் பக்கத்து ஊர்த் தோழியைப் பார்த்து எழுதாதீர்கள். நம் வார்டில் கிடைப்பது பெருநகர வார்டில் கிடைக்காது. திருக்கை மீனின் முள் காலில் குத்தி விடியற்காலையில் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள் என்று வையுங்கள். காயத்தில் சுண்ணாம்பு, மேலே ஈரத் துணிக்கட்டு. கட்டைப் பிரித்துக் கழுவுவது, வலியின் அளவைக் கேட்டுக் குறிப்பது, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், காலை வெந்நீரில் வைப்பது. குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காது; அதனால் அவருடைய நல்ல காலை முதலில் விட்டுப் பார்க்கச் சொல்வது. உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது, டெட்டனஸ் ஊசி. இதையே மதிப்பீடு, திட்டம், செயல், விளைவு என்று வரிசைப்படுத்தினால் அதுதான் அவர்கள் கேட்கும் செவிலியப் பராமரிப்புத் திட்டம். நோயாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்துவிட்டோமே என்று பயப்படுபவர்கள், தினமும் எழுதும் கேஸ் ஷீட் குறிப்பை முழு வாக்கியமாக எழுதிப் பழகினாலே கை வந்துவிடும்.

தேறிய பிறகு, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். தற்காலிகச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து, உப்புக்காற்று புகாத உறையில் வையுங்கள். அசலை எந்த நிர்வாகத்திடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.