புறநகருக்கு வழிகாட்டிப் பலகைகளும் பொது அடையாளமும்: தாம்பரத்தை முன்வைத்து ஒரு திட்டமிடல் கையேடு

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. இவ்வாறு பல ஊர்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வரும்போது, பொது அடையாளம் வேண்டும் என்ற பேச்சு எழுந்ததுமே இலச்சினை வரைய ஆள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஊருக்குப் புதியவர் எந்த இடத்தில் நின்று வழி கேட்கிறார் என்பதை அறிந்த பிறகே பலகையையும், பலகைகளின் தேவை தெளிவான பிறகே நிறத்தையும் இலச்சினையையும் முடிவு செய்ய வேண்டும்.

எனவே முதல் வேலை நடப்பதுதான். ரயில் நிலையத்தின் கிழக்கு, மேற்கு வாயில்களிலிருந்து தொடங்கி, பாதை பிரியும் ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் பூக்கடையிலும், அன்றாடம் எந்த இடத்துக்கு வழி கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள்; அலுவலகத்தில் தயாரிக்கும் எந்தப் பட்டியலையும் விட அந்தப் பதில்கள் நம்பகமானவை. ஏற்கெனவே நிற்கும் பலகைகளையும் படம் எடுத்து, எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழையவற்றை அகற்றாமல் புதியதை நட்டால் கம்பங்கள்தாம் கூடும்.

அடுத்தது பெயர்கள். 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தாலும், தாம்பரத்தில் இறங்கித் தென் மாவட்டங்களுக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர் தேடுவது அதைத்தான். ஆனால் அவர் கேட்பது ‘கிளாம்பாக்கம்’ என்ற பெயரை. ஆகவே அதைப் பெரிய எழுத்திலும் அதிகாரப்பூர்வப் பெயரைச் சிறிய எழுத்திலும் தரலாம். ஒரு பலகையில் தோன்றிய பெயர், அந்த இடத்தை அடையும் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் மாறாமல் தொடர வேண்டும். பத்து உள்ளாட்சிகள் இணையும்போது காந்தி தெருக்களும் அண்ணா தெருக்களும் பெருகிவிடும் என்பதால், தெருப் பெயருக்குக் கீழே பழைய ஊர்ப் பெயரையும் வார்டு எண்ணையும் சேர்ப்பது அவசியம். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒன்றைத் தேர்ந்து அதையே எங்கும் பின்பற்றுங்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். ரயில் நிலையப் பலகையில் உள்ளதைப் பின்பற்றுவதே வம்பில்லாத வழி.

எழுத்தின் அளவில்தான் பெரும்பாலான பலகைகள் தோற்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் கடக்கும். மூன்று நான்கு வரிகளைப் படிக்க நான்கு நொடி தேவை என்று கொண்டால், 44 மீட்டர் தொலைவிலேயே எழுத்து தெரிந்தாக வேண்டும். பத்து மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் என்ற நடைமுறைக் கணக்கின்படி எழுத்தின் உயரம் 110 மில்லிமீட்டர் ஆகிறது. தமிழில் இந்த உயரத்தை ‘க’, ‘ப’ போன்ற எழுத்துகளின் உடலுக்கு வைத்துக் கணக்கிட வேண்டும். மேலே எழும் இகர, ஈகாரக் குறிகளுக்கும் கீழே இறங்கும் உகரக் குறிக்கும் தனியாக இடம் விட வேண்டும். ‘பீர்க்கன்காரணை’ என்ற பெயரைப் பாருங்கள்: ‘பீ’யின் சுழி மேல் விளிம்பை முட்டுகிறது, ‘ணை’ ஒன்றே இரண்டு எழுத்தின் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. இடம் போதவில்லை என்று இதைக் கணினியில் பக்கவாட்டில் நெருக்கினால் சுழிகள் அடைபட்டு, மாலை வெளிச்சத்தில் வெறும் கறையாகத் தெரியும். பலகையை அகலமாக்குங்கள், அல்லது ஓர் இடப்பெயரைக் குறையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற கட்டணமற்ற எழுத்துருக்களின் நடுத்தரத் தடிமனே போதும்.

நடப்பவர்களுக்கான வரைபடப் பலகையில், 2007 முதல் லண்டன் நகரம் கையாளும் முறை பின்பற்றத்தக்கது: வடக்கை மேலே வைக்காமல், பலகையின் முன் நிற்பவர் எந்தத் திசையை நோக்குகிறாரோ அது வரைபடத்தில் மேலே இருக்கும்.

இத்தனையும் முடிவான பின் பொது அடையாளம். ஒரே எழுத்துரு, ஒரே அம்புக்குறி, ஒரே நிறப்பட்டை, மூலையில் சிறிய இலச்சினை. இதற்கு மேல் வேண்டியதில்லை. பத்து ஊர்ப் பெயர்களும் அந்தப் பட்டையில் அந்தந்த இடத்தில் துலக்கமாக இருக்கட்டும், ஏனெனில் பம்மல்காரர் தம்மைப் பம்மல்காரராகவே சொல்லிக்கொள்வார். கட்சிக் கொடியை நினைவூட்டும் நிறச் சேர்க்கையைத் தவிர்த்துவிடுங்கள். ஆட்சி மாறினால் வண்ணம் பூசும் செலவு வரும். நன்கொடையாளர் விளம்பரத்துக்கும் பலகையில் இடம் தர வேண்டாம்.

ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் பலகை வைக்க நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும், நிலைய வளாகத்தில் ரயில்வேயின் அனுமதியும் வேண்டும். சாலைப் பலகைகள், சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 67 விதித்தொகுப்புக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்கு முன், இரண்டு மூன்று பலகைகளை உண்மை அளவில் அச்சிட்டு, கம்பத்தில் கட்டி, பகலிலும் இரவிலும் வெளியூர்க்காரர்களைக் கொண்டு படிக்கச் செய்து பாருங்கள். வண்டி விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளின் தரத்தையும் சுவரொட்டி ஒட்டாத மேற்பூச்சையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, மழைக்காலம் முடிந்ததும் மறைக்கும் கிளைகளை வெட்டவும் சாய்ந்தவற்றை நிமிர்த்தவும் மண்டல அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, அந்தச் செலவை ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்த்துவிட வேண்டும்.